ஏழாவது கணக்கு

இலவசம் என்று எழுதி ஒட்டிய எந்தச் சாமானையும் கோகிலவாணி உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்காமல் எடுக்கமாட்டாள். பதினாறு வருடம் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்ற பழக்கம். வெட்டுவது, தைப்பது, மடித்து அட்டையில் போடுவது எல்லாவற்றையும் இயந்திரக் கைகள் எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாகிவிட்டது. கேமராவுக்கும் தப்பிவிடுகிற டேமேஜைக் கண்டுபிடிக்க மட்டும் அந்த ஷெட்டில் இன்னும் நாலு மனுஷக் கண்கள் தேவைப்பட்டன. அந்த நாலில் இரண்டு கோகிலாவுடையவை.

அப்பேர்ப்பட்டவள் பாடக்கூடு என்கிற இலவசப் பாடத்தளத்தின் விஷயத்தில் மட்டும் தையலைத் திருப்பிப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அதற்கு முன்னால் அலைந்த அலைச்சல் அப்படி.

அவளுடைய ஒரே மகள் மிருதுளாவுக்குப் பேச்சு திக்கும். சின்ன வயதில் சரியாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு நாள் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னபோது முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டாள். வகுப்பு மொத்தமும் கோரஸாக அந்த வார்த்தையைச் சொல்லி முடித்துவைத்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து படிக்கிற வரிசை மிருதுளாவிடம் வரும்போது அவளைத் தாண்டிப் பக்கத்துப் பெண்ணுக்குப் போனது. சிரித்ததைக்கூடக் கோகிலா விட்டிருப்பாள். தாண்டிப் போனதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. டி.சி. கிழித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். என்ற புள்ளய வீட்லயே படிக்க வெச்சுக்கறேன் என்று தலைமையாசிரியர் அறையில் நின்று சத்தமாகவே சொல்லிவிட்டு வந்தாள்.

சொல்வது சுலபம். கோகிலாவுக்கும் புருஷன் யுவராஜுக்கும் பகல் வேலை. அவன் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். வீட்டில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தர யாரும் இல்லை. வீட்டுப்பள்ளிப் பெற்றோர் குழு என்று ஒன்றில் சேர்ந்தாள். அங்கே தினமும் விடிந்தால் ரோஜாப்பூ வணக்கமும், அதற்கடியில் இலவசப் பாடங்களின் பட்டியலும் வரும். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தாள். ஒரு தளத்தில் பேசுகிற ஆள் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் வேகத்தில் அல்ஜீப்ராவைச் சொல்லிவிட்டு ஓடினார். இன்னொன்றில் பயிற்சித்தாள் எல்லாம் சும்மாதான், ஆனால் விடைத்தாளைப் பார்க்க வெளிநாட்டு அஞ்சல் குறியீடு கேட்டது. மூன்றாவது தமிழில்தான் இருந்தது. எந்த மெஷின் மொழிபெயர்த்துத் துப்பியதோ, வர்க்கமூலம் காண்க என்பதற்கு 'வேர் எண்ணைப் பிடுங்குக' என்று போட்டிருந்தது. யுவராஜ் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் சிரித்தான். கோகிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு நாள் போய்க்கொண்டிருந்தது.

ஏனென்றால் விதி ஒன்று உண்டு. வீட்டில் படிக்கிற பிள்ளை பதினாலு வயது ஆகிற வருடம் ஜூன் பதினைந்துக்குள், அங்கீகாரம் பெற்ற ஏதாவது ஒரு வழியில் எட்டாம் நிலையை முடித்திருக்க வேண்டும். முடிக்காவிட்டால் மறுபடியும் பள்ளிக்கூடம். அதே வரிசை, அதே தாண்டல்.

அப்படித் தட்டுக்கெட்டு நின்றபோதுதான் பாடக்கூடு கிடைத்தது. விளம்பரம் கிடையாது, அஞ்சல் குறியீடு கேட்கவில்லை, நல்ல தமிழ். அங்கீகாரமும் இருந்தது. ஒரு குரல் பாடம் சொல்லும், கேள்வி கேட்கும், பதில் வரும்வரை காத்திருக்கும். அந்தக் குரலுக்குப் பிள்ளையே பெயர் வைத்துக்கொள்ளலாம். மிருதுளா யோசித்து மைனா என்று வைத்தாள். அது அவளுக்குத் திக்காத பெயர்.

முதல் வருடம் அமோகமாகப் போனது. ஆறாம் நிலை, ஏழாம் நிலை இரண்டையும் பெண் ஒரே மூச்சில் தாண்டினாள். எட்டாம் நிலைக்கு வந்த பிறகு, போன நவம்பரில், கணக்கில் வண்டி நின்றது. டிசம்பர் போயிற்று, பொங்கல் போயிற்று, மார்ச் வந்துவிட்டது. இன்னும் அதே விகிதம், அதே சமன்பாடு. திரையின் மேலே இருக்கும் பச்சைக்கோடு முக்கால்வாசியில் நின்றுகொண்டு அசைய மாட்டேன் என்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல் வேலையைப் போட்டுவிட்டுக் கோகிலா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். மிருதுளா மளமளவென்று ஆறு கணக்குப் போட்டாள். எல்லாம் சரி. ஒவ்வொன்றுக்கும் குரல் "சரி, அடுத்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தது. ஏழாவது தப்பு. உடனே அந்தக் குரல் நிதானமாகிவிட்டது.

"எப்படி யோசிச்சே? சொல்லு. நான் இருக்கேன்."

மிருதுளா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. குரல் பேசாமல் இருந்தது. கால் நிமிடம், அரை நிமிடம். கோகிலாவுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. தப்பு என்றால் சரியான விடையைச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, இதில் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது?

"ரெண்டு பக்கமும் பெருக்காம விட்டுட்டா, அவ்வளவுதான்" என்று அவளே திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். மிருதுளா வாயை மூடிக்கொண்டாள்.

இது அந்த வீட்டில் புதிதல்ல. பாதி வார்த்தை வெளியே வந்தால் போதும், மீதியை அம்மா எடுத்துக் கொடுத்துவிடுவாள். கடைக்காரரிடம், டாக்டரிடம், சொந்தக்காரர்களிடம் எல்லாம் கோகிலாதான் பேசுவாள். பிள்ளை கஷ்டப்படக்கூடாது, அவ்வளவுதான் அவள் எண்ணம். இப்படிப்பட்ட அம்மா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொந்தத்தில் எல்லாருமே சொல்வார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பெற்றோருக்கான பக்கத்தைத் திறந்து, நவம்பரிலிருந்து மகள் போட்ட கணக்குகளின் பட்டியலை எடுத்தாள். செக்கிங் மேசையில் துணி ரோலைப் பிரித்து வைத்துக் குறிக்கிற மாதிரி ஒரு நோட்டில் வரிசையாகக் குறித்தாள். சரிக்கு ஒரு புள்ளி, தப்புக்கு ஒரு பெருக்கல் குறி. பத்துப் பக்கம் குறித்ததும் பேனாவை வைத்துவிட்டாள். ஆறு புள்ளி, ஒரு பெருக்கல். ஆறு புள்ளி, ஒரு பெருக்கல். ஐந்து மாதமாக, ஓர் இடம் பிசகாமல்.

பனியன் துணியைக் கையில் பிடித்த எவருக்கும் இது தெரியும். நூலில் குறை இருந்தால் டேமேஜ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறித்து விழும். ஊசி உடைந்திருந்தால் அப்படி இல்லை. மெஷின் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அதே இடத்தில் அதே டேமேஜ் விழும். அப்போது நூலைக் குறை சொல்லிப் பிரயோசனம் கிடையாது. மெஷினை நிறுத்தி ஊசியைக் கழற்ற வேண்டும்.

"பாருங்க" என்று நோட்டை யுவராஜ் முன்னால் போட்டாள். "நம்ம புள்ள மேல தப்பே இல்லீங்க. அந்த மெஷின்தான் ஏழுக்கு ஒண்ணு வேணும்னே குழப்பி உடுது."

யுவராஜும் ஊசி மாற்றிப் பிழைக்கிறவன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆமாம் புள்ள, இது ஊசிதான் என்றான். ஆனால் அது எதற்காக இப்படிச் செய்ய வேண்டும், அதற்கு என்ன லாபம் என்று கேட்டான். கோகிலா நோட்டைத் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். மூலையில் உட்கார்ந்திருந்த மிருதுளா எழுந்து வந்து அம்மாவின் கையைத் தொட்டாள். ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். உதடு நடுங்கியது.

"எனக்குத் தெரியும் அம்மிணி, நீ ஒண்ணும் கவலப்படாத. இத நான் சும்மா உட மாட்டேன்" என்றாள் கோகிலா.

அப்புறம் ஆரம்பித்தது அவளுடைய போராட்டம். புகார்ப் பெட்டியில் எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று வந்தது. நோட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். உங்கள் குழந்தையின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று வந்தது. உதவி எண்ணில் பேசினால் ஓர் இயந்திரம் கோபமாக இருக்கிறீர்களா, ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும் என்றது. ஒன்றை அழுத்திக் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். பெற்றோர் குழுவில் கேட்டால், எங்க பையனுக்கு அப்படி ஒண்ணும் இல்லையே, பாதாம் ஊறவெச்சுக் குடுங்க என்று ஒருவர் யோசனை சொன்னார். இருபது நாள் இப்படியே போனது. பச்சைக்கோடு அசையவில்லை.

கடைசியில் கோயம்புத்தூரில் பாடக்கூட்டுக்கு ஓர் அலுவலகம் இருக்கிறது, அங்கே ஜெசிந்தா என்று ஒரு மனுஷியே உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். ஏப்ரல் முதல் வாரம் லீவு சொல்லிவிட்டு, மகளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஜெசிந்தாவுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்தாள். மிருதுளாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

"மிருதுளாங்கறது உங்க பொண்ணுங்களா?" என்றாள். "எங்க ஆபீஸ்ல அந்தப் பேரு எல்லாருக்கும் தெரியும்."

கோகிலா நாற்காலி நுனிக்கு வந்தாள். எதற்குத் தெரியும் என்று கேட்டாள். தப்புக்குத்தான் என்றாள் ஜெசிந்தா. பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து விவரமாகச் சொன்னாள்.

உலகத்தில் இருக்கிற சரியான விடைகளை எல்லாம் இயந்திரங்கள் எப்போதோ படித்து முடித்துவிட்டன. அவற்றுக்குத் தெரியாதது ஒன்றுதான். மனுஷன் எப்படித் தப்பாகப் புரிந்துகொள்வான் என்பது தெரியாது. மருந்துச் சீட்டை நோயாளி எப்படித் தப்பாகப் படிப்பான், சாலையைக் கடக்கிறவன் வண்டியின் வேகத்தை எப்படித் தப்பாகக் கணிப்பான் என்று தெரியாமல் எந்த இயந்திரத்தையும் ஜனங்களுக்கு நடுவே விட முடியாது. பெரியவர்கள் தப்பை மறைத்துவிடுவார்கள். பிள்ளைகள் மறைக்கமாட்டார்கள். அதனால் பிள்ளைகளின் தப்புகளுக்கு எங்கேயும் கிராக்கி.

"தப்பு விடை மட்டும் பத்தாதுங்க. அந்தத் தப்பு எப்படி வந்துச்சுன்னு புள்ளயே வாயால சொல்லணும். அதுக்குத்தான் அந்தக் குரல் எப்படி யோசிச்சேன்னு கேட்டுட்டு உக்காந்திருக்குது. சரியா போட்டா அதுக்கு அங்க வேலை இல்ல, அடுத்ததுக்குப் போயிரும்."

"அப்ப நீங்க பாடம் சொல்லித் தரல. என்ற புள்ள தப்பத் திரட்டிட்டிருக்கீங்க."

"ரெண்டுந்தானுங்க" என்றாள் ஜெசிந்தா. அவள் குரலில் வெட்கம் இருந்த மாதிரிதான் இருந்தது. "இல்லீன்னா ஓசியா எப்படித் தர முடியும்?"

கோகிலாவுக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. யுவராஜ் கேட்டானே, என்ன லாபம் என்று. இதுதான் லாபம். அவள் மேசையைத் தட்டிப் பேசினாள். தப்பு வேண்டும் என்பதற்காகவே அவள் பிள்ளையை ஏழுக்கு ஒரு தடவை குழப்பிவிட்டு, எட்டாம் நிலையிலேயே கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள் என்றாள். ஜெசிந்தா சத்தியம் செய்யாத குறையாக மறுத்தாள். கணக்கை எடுத்துக் கொடுப்பது குலுக்கல் மாதிரிதான், ஏழாவதைக் கடினமாக்க அதில் வழியே கிடையாது என்றாள். பதினாறு வருடமாக ஊசி டேமேஜ் பார்க்கிற எனக்குக் கதை சொல்லாதீங்க என்றாள் கோகிலா.

சரி, ஒன்று செய்யலாம் என்றாள் ஜெசிந்தா. திரை வேண்டாம், குரல் வேண்டாம். காகிதத்தில் எட்டாம் நிலைக் கணக்கு ஐம்பது கொடுப்போம். அதை மனுஷங்களே திருத்துவோம்.

வெளியே போய் மகளிடம் சொன்னாள் கோகிலா. மிருதுளா உடனே எழவில்லை. சுவரில் இருந்த பாடக்கூட்டின் சின்னத்தைக் காட்டி, மறுபடி காகிதத்தைக் காட்டி, கண்ணால் கேட்டாள். மகளின் பாதி வார்த்தையே போதும் என்கிற அம்மாவுக்கு இது புரியாதா?

"இது அதுக்குப் போகாது கண்ணு. சும்மா பேப்பர்ல எழுதிப் பாக்கறது. மைனாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மிருதுளா தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

நாற்பது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தாள். ஐம்பதுக்கு ஐம்பது. ஏழாவது சரி, பதினாலாவது சரி, இருபத்தொன்று, இருபத்தெட்டு எல்லாம் சரி. கோகிலாவுக்கு எழுந்து நின்று கத்தவேண்டும் போல இருந்தது. பாத்தீங்களா, மெஷினை நிறுத்தினதும் துணி சுத்தமா வருதா இல்லையா என்று ஜெசிந்தாவைப் பார்த்துக் கேட்டாள். ஜெசிந்தா விடைத்தாளையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இத வெச்சு எட்டாம் நிலைய நான் இப்பவே முடிச்சுக் குடுத்தறலாம். ஆனா முடிச்சா அந்தக் குரல் இருக்காது. ஒம்பதும் பத்தும் வெறும் ரெக்கார்டு பண்ணின பாடந்தான். பதினாலு வயசுக்கு மேல புள்ளைங்க தப்பும் பெரியவங்க தப்பு மாதிரி ஆயிருது, அப்பறம் யாருக்கும் வேண்டாம். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்குது?"

ஜெசிந்தா வாசல் பக்கம் நின்ற பெண்ணைப் பார்த்தாள். "நீ என்னம்மா சொல்றே?"

மிருதுளாவின் முகம் வெளுத்துவிட்டது. உதடுகள் ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. வெளியாளுக்கு முன்னால் பிள்ளை இப்படித் தவிப்பதைக் கோகிலாவால் பார்க்க முடியவில்லை.

"அவளுக்கும் சம்மதந்தானுங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கினாள். பச்சைக்கோடு கடைசிவரை நிறைந்திருந்தது. வாழ்த்துகள் என்று திரை முழுக்கப் பூக் கொட்டியது. ஜூன் பதினைந்து இனிமேல் வெறும் ஒரு தேதிதான். குழுவில் வெற்றிச் செய்தியைப் போட்டாள், நாற்பது பேர் கைதட்டினார்கள். பாதாம் சொன்னவரும் கைதட்டினார்.

மிருதுளா மைசூர்பாகைத் தொடவில்லை. திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, "மைனா" என்றாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு திரையை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. திக்கிக்கூடப் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள், தலையாட்டினாள், போனாள். ஒன்பது நாள் ஆகிவிட்டது. யுவராஜ் கெஞ்சிப் பார்த்தான். கோகிலா முதலில் சமாதானம் சொன்னாள், பிறகு எரிந்து விழுந்தாள். இந்தப் பிள்ளைக்காக யார் யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்தால், ஒரு வார்த்தை பேசக்கூட இதற்கு மனசு வரவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்துக்கு அடியில் பயமாகவும் இருந்தது.

பத்தாவது நாள் மத்தியானம், கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. ஜெசிந்தா.

"அக்கா, ஒரு விசயம் சொல்லணும். உங்க பொண்ணு போட்ட தப்பு எல்லாத்தையும் இங்க அழிச்சிட்டிருக்காங்க."

கோகிலாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஜெசிந்தா சொல்லிக்கொண்டே போனாள். மிருதுளாவின் தப்பு மாதிரி ஒரு தப்பை அவர்கள் பார்த்ததே கிடையாதாம். அவ்வளவு புதுசு, அவ்வளவு நுணுக்கம். பதினோரு நாட்டு இயந்திரங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மனுஷப் பிள்ளை இப்படித்தான் குழம்பும் என்று அவையும் நம்பியிருக்கின்றன. இப்போது பார்த்தால் அதில் ஒன்றுகூடக் குழப்பம் இல்லை. அத்தனையும் அவளாகவே செய்தது.

"ஏழாவது கணக்குக்கு மட்டும் அவளுக்கு ரெண்டு மடங்கு நேரம் ஆயிருக்குதுக்கா. மொதல்ல சரியா போட்டிருக்கா. அப்பறம் தெரியாத புள்ள எந்த எடத்துல தடுமாறும்னு யோசிச்சு, அதுமாதிரி ஒரு தப்ப உக்காந்து செஞ்சிருக்கா. சரியா போடறதவிட அது கஷ்டம்."

"எதுக்கு?" என்றாள் கோகிலா. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

"தப்பு போட்டாத்தானேக்கா அது எப்படி யோசிச்சேன்னு கேக்கும்?"

ஷெட்டில் சாப்பாட்டு நேரம் முடிந்து கன்வேயர் ஓட ஆரம்பித்தது. கோகிலா நகரவில்லை.

மிருதுளா அந்தக் குரலோடு ஒரு நாளைக்கு நாலாயிரம் வார்த்தை பேசியிருக்கிறாள் என்றாள் ஜெசிந்தா. கணக்கைப் பற்றி ஆரம்பித்து எங்கெங்கோ போயிருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி, அப்பாவின் கையில் இருக்கிற ஊசித் தழும்பைப் பற்றி, மொட்டைமாடியில் வருகிற புறாவைப் பற்றி. மார்ச் மாதம் ஒரு நாள் சொல்லியிருக்கிறாள், ஜூன் பத்தாம் தேதியிலிருந்து எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிடுவாளாம், பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி விட்டுவிட மாட்டாளாம், அதுவரைக்கும் இருக்கட்டுமே என்று.

"இதையெல்லாமா கேட்டு வெச்சிருக்கீங்க?"

"அதுக்குத்தானேக்கா ஓசி."

கோகிலா கெஞ்சினாள். வாழ்க்கையில் எந்தச் சூப்பர்வைசரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. எட்டாம் நிலை முடித்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை தப்பு வேண்டுமானாலும் போடச் சொல்கிறேன், அந்தக் குரலை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்றாள். முடியாது என்றாள் ஜெசிந்தா. பொய்த் தப்பு போட்ட பிள்ளையை மறுபடி சேர்க்கவே மாட்டார்கள். போனை வைக்கும் முன்னால் இன்னொன்றும் சொன்னாள்.

"அந்தக் குரல் ஒண்ணும் பொறுமைசாலி இல்லக்கா. அதுக்குள்ள அவசரத்த வெக்கல, அவ்வளவுதான்."

அன்றைக்குச் செக்கிங் மேசையில் கோகிலா எட்டு டேமேஜைக் கோட்டை விட்டாள். பதினாறு வருடத்தில் முதல் தடவை. வந்த துணி எதுவும் அவள் கண்ணில் ஏறவில்லை. ஒரே இடத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும், வரிசை பிசகாமல் விழுந்த டேமேஜ் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரரிடம், டாக்டரிடம், கோயம்புத்தூர் அலுவலகத்தில். ஊசி எது என்று நோட்டுப் போட்டுத் தேடியிருக்கிறாள், கழுதை, அதைத் தன் வாயிலேயே வைத்துக்கொண்டு.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தாள். மிருதுளா ஜன்னல் ஓரம் மேசையில் உட்கார்ந்து, அணைந்த திரைக்கு முன்னால் காகிதத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். கோகிலா பையைக்கூட இறக்காமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் பேச வேண்டியதைக் கோத்து வைத்திருந்தாள். எதிரே பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் கோத்தது அறுந்துவிட்டது.

"அம்மிணி" என்றாள். "அம்மா தப்புப் பண்ணிட்டேன்."

மிருதுளா பேனாவைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதடு அசைந்தது. முதல் எழுத்து மாட்டிக்கொண்டது. கோகிலாவின் நாக்கு வழக்கம்போல முன்னால் ஓடிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் எடுத்துத் திருப்பி, நின்று, மறுபடி எடுத்துப் போகிற அளவுக்கு நேரம் ஆனது.

"எ... எ... எப்படி யோசிச்சே?" என்றாள் மிருதுளா. மூச்சு வாங்கிக்கொண்டாள். "சொல்லு."

கோகிலா சொல்ல ஆரம்பித்தாள். நான், என்றாள். ஊசி, என்றாள். நீ கஷ்டப்படக்கூடாதுன்னு, என்றாள். அதற்கு மேல் வரவில்லை. ஊரெல்லாம் பேசிக் கிழித்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வர மறுத்தது.

அம்மா என்ன சொல்ல வருகிறாள் என்று அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். ஆனாலும் எடுத்துக் கொடுக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, காத்திருந்தாள்.